இருதய ஆராய்ச்சிக்கு எனக்குக் காது குத்தினார்கள்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் எழுத்து கோட்டில் நிற்காது. வரியின் ஆரம்பத்தில் ஏறி, முடிவதற்குள் கீழ் வரியில் இறங்கிவிடும். பெரிய றகரமா சின்ன ரகரமா என்று சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் பேனாவை அழுத்தி இரண்டுக்கும் பொதுவாக ஒன்று போட்டிருக்கிறேன். படிக்கிறவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

நானாக எழுத உட்காரவில்லை. பெங்களூரில் மீனின் இருதயத்தை ஆராய்ச்சி செய்கிற எங்கள் ஊர்ப் பெண் போன வாரம் போன் செய்தாள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள்.

"சித்தப்பா, மொதத் தடவ ஊருல பணம் எப்பிடித் தெரட்டுனீகன்னு ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்குறவுக ஒரு பாரத்துல கேக்குறாக. நான் எழுதுனா நம்ப மாட்டாக. நடந்தத நீங்களே எழுதிக் குடுங்க."

"எனக்கு எழுத வராதும்மா."

"பேசவும்தான் வராதுன்னீக."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஏன் இல்லை என்பது கடைசியில் தெரியும்.

நான் காமயகவுண்டன்பட்டியில் மைக் செட் கட்டுகிறவன். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் தென்னை மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவது என் வேலை. குழாய் என்றால் ஒலிபெருக்கி. இந்தப் பள்ளத்தாக்கில் பாதிப் பேருடைய குரல் என் குழாய் வழியாகப் போயிருக்கிறது. என் குரல் மட்டும் போனதில்லை. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க மற்றவர்கள் ஒன்று இரண்டு மூன்று சொல்வார்கள். நான் விரலால் தட்டிப் பார்த்துக்கொள்வேன். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு எச்சில் வற்றிவிடும்.

அந்தப் பெண்ணின் அப்பா, கம்பத்துக்கும் எங்கள் ஊருக்கும் ஓடிய டவுன் பஸ்ஸில் கண்டக்டர். என் குழாய்களுக்கு அவர் ஒரு நாளும் லக்கேஜ் டிக்கெட் கிழித்ததில்லை. ஒரு தடவை கம்பம் நிலையத்தில் என் பெரிய குழாயைத் தூக்கி அதன் பின்பக்கம் வாயை வைத்து, "கேகே பட்டி, கேகே பட்டி" என்று கூவி ஆள் ஏற்றினார். மின்சாரம் இல்லாமலே நல்ல சத்தம் வந்தது. 1998இல் ஒரு மதிய டிரிப்பில் அவருக்கு நெஞ்சு வலித்தது. வாயு என்று அவரே சொன்னார். நாங்களும் சொன்னோம். ஏப்பம் விட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தோம். வாங்கிக் கொடுத்தவன் நான்தான். குடித்தார், ஏப்பம் விட்டார், கடைசி சீட்டுக்காரருக்குச் சில்லறை கொடுத்தார், பிறகு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அப்போது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போய்ப் படிக்கவைத்தார். 2006இல் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பட்டணத்தில் ஓர் அறக்கட்டளை. இருதய நோய்க்கு ஆராய்ச்சி செய்யப் புதிதாகக் கிளம்புகிற பிள்ளைகளுக்கு மூன்று வருடம் பணம் கொடுப்பவர்கள். இவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய ஊரும் ஒரு பங்கு போட வேண்டும். ஊருக்கு அக்கறை இருக்கிறது என்று தெரிய வேண்டுமாம். ஜூலை முடிவதற்குள் பங்கு வந்து சேராவிட்டால் இடம் பட்டியலில் அடுத்த பேருக்குப் போய்விடும்.

இந்தப் பொறுப்பை மெடிக்கல் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் இருதயம் என்றால் அவர்தான். மதுரையில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர். அந்தத் தழும்பை யார் கேட்டாலும் காட்டுவார். கேட்காதவர்களுக்கும் காட்டுவார். சட்டையில் மேலே மூன்று பட்டன் அவர் போட்டு நான் பார்த்ததில்லை.

முதலில் பஸ் ஸ்டாப்பில் ஓர் உண்டியல் வைத்தார். உண்டியலில் இருதயம் வரையச் சொன்னதற்கு, பெயின்டர் வரைந்தது கத்தரிக்காய் மாதிரி வந்துவிட்டது. விவசாயிகள் சங்கமா என்று பலர் விசாரித்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது ஓர் எலுமிச்சம்பழம், கொஞ்சம் விபூதி, 'என் மகனுக்கு டிரைவர் வேலை கிடைக்க வேண்டும்' என்று மடித்துப் போட்ட ஒரு சீட்டு, இவற்றோடு பிள்ளைகள் போட்ட சில்லறை கொஞ்சம் இருந்தது.

அடுத்து அவர் டீக்கடை டீக்கடையாகப் போய்த் தழும்பைக் காட்டிப் பேசினார். ஜனங்கள் உருகிப்போனார்கள். ஆராய்ச்சிக்குக் கொடுக்கவில்லை. பாவம் ஆபரேஷன் ஆன மனுஷன் என்று அவருக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

நான் டீக்கடைக்கு எதிரே ஏணியில் நின்று குழாய் கட்டிக்கொண்டிருந்த அன்று கீழே நடந்த பேச்சு இப்போதும் நினைவிருக்கிறது.

"அந்தப் புள்ள மீனத்தான அறுக்கப் போகுது? அதுக்கு நாம ஏன் துட்டுப் போடணும்?"

"ஒரு வெரக்கட அளவு மீனாம்ப்பா. நெஞ்சுல ஒரு துண்டு வெட்டுனா ரெண்டு மாசத்துல தானா வளந்துருதாம். மனுசனுக்கும் அப்பிடி வளர வைக்க முடியுமான்னு பாக்குறாக."

"மீனுக்கு ஏதுய்யா நெஞ்சு? நான் எத்தன மீனு தின்னுருக்கேன், ஒரு நா கண்டதில்ல."

வைகை அணை மீனைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்ற அக்கா திரும்பினார். "தின்னவனுக்கு என்னாடா தெரியும்? அறுத்தவளக் கேளு. செவுளுக்குக் கீழ குன்னிமுத்துக் கணக்கா செவப்பா இருக்கும். நான் அதத்தான் பூனைக்குப் போடுறது."

"கேட்டீகளா? பூனை திங்கறதுக்கு ஊரு பணம் கட்டணுமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மெடிக்கல்காரர் சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். அவர் அப்படிச் செய்து அன்றுதான் பார்த்தேன். ஆனி பிறந்து பாதி போயிருந்தது. ஆடி பிறந்துவிட்டால் எதுவும் நடக்காது. எனக்குச் சோடா பாட்டில் ஞாபகமாகவே இருந்தது.

வீட்டில் சாப்பிடும்போது என் மனைவியிடம் மட்டும் ஒரு விஷயம் சொன்னேன். என் தொழிலில் கண்டது அது. எங்கள் சனம் உண்டியலில் போடாது. நன்கொடை என்றால் பையைத் தடவிவிட்டு நாளைக்கு என்னும். ஆனால் ஒரு விசேஷத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டால், கடன் வாங்கியாவது மொய் எழுதிவிடும். எழுதுகிறவர் பேர் குழாயில் கேட்டால் இரண்டு மடங்கு எழுதும். "அந்தப் புள்ளைக்கு ஒரு விசேஷம் இருந்தா முடிஞ்சிரும். ஆனா என்னா விசேஷம் வைக்கிறது?" என்றேன்.

என் மனைவி வாயில் எதுவும் நிற்காது. மறுநாள் காலையில் தலைவலி மாத்திரை வாங்கப் போனவள், மாத்திரையை மறந்துவிட்டு இதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

மெடிக்கல்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடிவந்தார். என்ன விசேஷம் வைக்கலாம் என்று பெரிய விவாதம் நடந்தது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை வேண்டும். புதுமனை புகுவிழா என்றால் வீடு வேண்டும். காதுகுத்துதான் சுலபம், ஒரு காது போதும். ஆனால் எங்கள் தெருக்களில் காது குத்தாத குழந்தை ஒன்றுகூட மிச்சமில்லை. ஆடிக்குப் பயந்து வைகாசியிலேயே எல்லாருக்கும் குத்திவிட்டார்கள்.

நான் ஏணியில் இருந்தேன். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது கீழே சத்தம் நின்றது. பார்த்தால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். எனக்கு உடனே எச்சில் வற்றியது.

"ஏலே, மைக்செட்டு," என்றார் மெடிக்கல்காரர். "கீழ எறங்கு. காதக் காட்டு."

எனக்குக் காது குத்தவில்லை என்பது ஊருக்குத் தெரிந்த விஷயம். எனக்கு மூன்று வயதில் காதுகுத்து ஏற்பாடு ஆனது. என் தாய்மாமா ஜெயமங்கலத்திலிருந்து சீரோடு வந்தார். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். சீரில் கடுக்கனும் ஒரு கிடாயும் இருந்தன. கிடாயைப் பார்த்த என் அப்பா, எல்லார் முன்னாலும், "என்ன மச்சான், நொண்டி ஆட்டப் புடிச்சாந்துருக்கீக?" என்றாராம். மாமா கடுக்கனை மடியில் முடிந்துகொண்டு, கிடாயைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். நாற்பத்திரண்டு வருடம் வரவில்லை. மாமன் மடி இல்லாமல் காது குத்துவது எங்களில் வழக்கமில்லை. அப்படியே வளர்ந்துவிட்டேன். கல்யாணமும் ஆகிவிட்டது.

"அண்ணே, எனக்கு நாப்பத்தஞ்சு வயசு," என்றேன்.

"காதுக்கு என்னாடா வயசு?"

"எல்லாரும் சிரிப்பாக."

"சிரிச்சுக்கிட்டே மொய் எழுதட்டும்."

டீக்கடையில் ஒருவர், "ஊருக்கே காது குத்தப் போறீக, அத இவன் காதுலருந்து ஆரம்பிங்க" என்றார். அந்த வாரம் முழுவதும் எல்லோரும் இதையே சொன்னார்கள். ஒவ்வொருவரும் தானே கண்டுபிடித்த மாதிரி சொன்னார்கள்.

வீட்டில் மனைவி என் தலையைப் பார்த்தாள். "மொட்டையும் போடணும்ல?" என்றாள். அதை நான் யோசித்திருக்கவில்லை.

ஜெயமங்கலத்துக்கு மூன்று பேர் போனோம். மெடிக்கல்காரர், நான், அந்தப் பெண். மாமா கட்டிலில் உட்கார்ந்து மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். அவருக்கும் நெஞ்சு சரியில்லை. மெடிக்கல்காரர் மாத்திரைகளைப் பார்த்ததும் உறவுக்காரர் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி முகம் மலர்ந்து, உடனே சட்டையைத் திறந்தார். மாமா அவரைக் கண்டுகொள்ளவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"எங்க அக்கா மகனா?"

"ஆமா மாமா."

"காது என்னடா இம்புட்டுப் பெருசா வளந்துருச்சு?"

விஷயத்தைச் சொன்னோம். கடைசிவரை கேட்டார். பிறகு, "அதெல்லாம் இருக்கட்டும். அந்தக் கெடா நொண்டியா, இல்லையா? மொதல்ல அதச் சொல்லுங்க," என்றார்.

"நல்லாத்தான் நடந்துச்சு மாமா," என்றேன்.

"நீ மூணு வயசு. ஒனக்கு என்னா தெரியும்?"

மெடிக்கல்காரர், "ஆடு போயி நாப்பது வருசம் ஆச்சே, அண்ணே..." என்று தொடங்கினார்.

"ஆடு போயிருச்சுய்யா. பேரு போகலையே. இன்னிக்கும் பெரியகொளம் சந்தையில என்னய நொண்டிக்கெடாங்கறான்."

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது அந்தப் பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"தாத்தா, கெடாய எதுல கொண்டு போனீக?"

"பஸ்ஸு டாப்புல."

"எப்பிடி ஏத்துனீக?"

"காலக் கட்டித்தான். குதிச்சிட்டா?"

"எந்தக் காலு?"

மாமா யோசித்தார். "பின்னங்காலு ரெண்டும் சேத்து."

"எம்புட்டு நேரம் கட்டியிருந்துச்சு?"

"இங்கன ஏறி அங்கன எறங்குற வரைக்கும். பெரியகொளத்துல பஸ்ஸு வேற நின்னுருச்சு."

"எறக்கி எம்புட்டு நேரத்துல எங்க தாத்தா அதப் பாத்தாரு?"

"அவுத்த கையோட. காலு ஊனறதுக்குள்ள வாயத் தொறந்துட்டாருல்ல ஒன் தாத்தன்."

என் அப்பா அவளுக்கு எந்த வழியிலும் தாத்தா ஆக மாட்டார். யாரும் திருத்தவில்லை. அவள் நோட்டில் எழுதிக்கொண்டே, "கயிறு இறுக்கி ரத்த ஓட்டம் கொறஞ்சிருக்கும் தாத்தா. காலு மரத்துப் போச்சு. கொஞ்சம் பொறுத்துப் பாத்துருந்தா நல்லா நடந்துருக்கும். அது நொண்டி இல்ல," என்றாள்.

மாமா சுவரை விட்டுத் திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாப்பத்திரண்டு வருசத்துல இதக் கேக்க ஒரு பயலுக்குத் தோணலையே," என்றார். பிறகு மெடிக்கல்காரரைப் பார்த்து, "இந்தப் புள்ளைக்கா காசு இல்லங்கறாக? என்னிக்கு விசேஷம்?" என்றார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மாமா ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று அவருடைய டாக்டர் சொல்லியிருந்தார். நானோ இரண்டு சிமென்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. இருதய ஆராய்ச்சிக்குக் காது குத்தப் போய் மாமாவின் இருதயம் நின்றுவிட்டால் என்ன செய்வது? மெடிக்கல்காரர் வழி சொன்னார்.

"மடியில ஒக்காந்த மாதிரி இரு. ஒக்காந்துறாத. பாரத்த ஒன் கால்லயே வச்சுக்க."

வீட்டில் அதைப் பழகினேன். மனைவி நாற்காலியில் உட்கார, நான் அவள் முழங்காலுக்கு ஒரு விரல் மேலே தொங்கினேன். "இந்தாங்க, இந்தக் கண்ராவியெல்லாம் என் வீட்டுல பாத்துருந்தா பொண்ணே குடுத்துருக்க மாட்டாக," என்றாள்.

ஆனி கடைசி முகூர்த்தத்தில் நாள் குறித்தார்கள். பிளெக்ஸ் கடையில் காதுகுத்துக்கு ஒரே ஒரு மாதிரிதான் இருந்தது. பலூன், யானைக்குட்டி, கிரீடம் வைத்த குழந்தை. குழந்தையின் முகத்தை எடுத்துவிட்டு, வாக்காளர் அட்டையில் இருந்த என் முகத்தை ஒட்டினார்கள். மேலே 'இருதய ஆராய்ச்சிக் காதணி விழா' என்று போட்டு, ஒரு மூலையில் மீன். அது எந்த வீட்டு விசேஷம் என்று பஸ்ஸில் போகிறவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

என் விசேஷத்துக்கு நானே மரமேறிக் குழாய் கட்டினேன். பிறகு இறங்கி மொட்டை போட்டுக்கொண்டேன். தலையில் சந்தனம் பூசி, பட்டு வேட்டி கட்டி நான் மண்டபத்துக்குள் போனபோது கூட்டத்தைப் பார்த்து மலைத்துவிட்டேன். பூனைக்கு ஊரு பணம் கட்டணுமா என்று கேட்டவர் முதல் வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். சிரிக்க வந்தவர்கள்தான் எல்லாரும். ஆனால் எங்கள் ஊரில் விசேஷத்துக்கு வந்து சிரித்தால் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் எழுத வேண்டும்.

மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். கிடாய் அவருக்கு முன்னால் கயிறு இல்லாமல் நடந்து வந்தது. மண்டபத்தை இரண்டு சுற்று நடக்கவிட்டார். "நல்லாப் பாத்துக்கங்க. நாலு காலு. எண்ணிக்கங்க," என்று ஒவ்வொரு வரிசையிலும் சொல்லிக்கொண்டு போனார். கிடாய் போகிற வழியில் தாம்பாளத்து வெற்றிலையைத் தின்றது.

மேடையில் மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். மெடிக்கல்காரர் ஒரு கையில் மைக்கும் மறு கையில் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையுமாகப் பக்கத்தில் நின்றார். நான் மாமா மடிக்கு ஒரு விரல் மேலே தொங்கினேன். ஆசாரி என் காதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது காதாய்யா, செருப்புத் தோலா?" என்றார். வலது காதில் ஊசி பாதிதான் போனது. எடுத்தார், தீட்டினார், மறுபடி ஆரம்பித்தார். எனக்குத் தொடை நடுங்கியது.

மாமா காதோரமாக, "நல்லா ஒக்காருடா," என்றார்.

"ஒங்க நெஞ்சு, மாமா."

"நெஞ்சு கெடக்கு. நாப்பத்திரண்டு வருசமா சும்மா கெடந்த மடிடா இது."

நான் கொஞ்சம் உட்கார்ந்தேன். முழுதாக இல்லை, ஒரு பக்கமாக. இடது காலில் மட்டும் பாரத்தை வைத்துக்கொண்டேன். அவர் கை என் வயிற்றைச் சுற்றி இறுகியது. குழந்தைகள் அழாமல் இருக்க வாயில் பழம் வைப்பது வழக்கம். மாமா ஒரு வாழைப்பழத்தை உரித்து என் வாயில் திணித்தார். வலதை முடித்திருந்த ஆசாரி, அந்த நேரத்தில் இடது காதில் குத்தினார். அதே நேரத்தில் மெடிக்கல்காரர், விழா நாயகன் ஒரு வார்த்தை பேசுவார் என்று என் வாய்க்கு நேரே மைக்கை நீட்டியிருந்தார்.

"ஆத்தா!" என்றேன்.

பழத்தோடு சேர்ந்து அது நாலு குழாயிலும் போனது. என் குழாய்கள் நல்ல குழாய்கள். அடுத்த ஊர்த் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் யாருக்கோ ஆபத்து என்று ஓடிவந்தார்கள். வந்தவர்களும் சாப்பிட்டு மொய் எழுதினார்கள்.

எழுந்தபோது என் இடது கால் தரையில் இருப்பதே தெரியவில்லை. இரண்டு அடி வைத்தேன். நொண்டினேன். கூட்டம் சிரிக்கத் தொடங்கியபோது மாமா பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார்.

"பாத்தீகளா! எல்லாரும் பாத்தீகளா! நல்ல காலுதான? இப்ப நொண்டுறான்ல? மரத்துப் போச்சு! செத்த பொறுங்க, ஒருத்தரும் எந்திரிக்காதீக!"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கால் ஊசி குத்துகிற மாதிரி கூசி, மெல்ல மெல்ல உயிர் வந்தது. மாமா என்னை நடக்கச் சொன்னார். நேராக நடந்தேன்.

"இதத்தான் அன்னிக்குப் பொறுக்கல!" என்று மாமா குழாயில் முழங்கினார். "அந்தப் புள்ள நோட்டுல எழுதிக் கண்டுபுடிச்சது இது! ஆட்டுக்காலையே இப்பிடிக் கண்டுபுடிக்குதுன்னா மனுச நெஞ்ச விட்டுருமா? எழுதுங்கய்யா மொய்ய!"

கை தட்டினார்கள். அந்தப் பெண் மேடை ஓரத்தில் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. ஊர்ப் பங்கு அன்றே நிறைந்து, சாப்பாட்டுச் செலவு போகவும் மிஞ்சியது. ஜூலை முடிவதற்கு முன்னால் பட்டணத்துக்குப் போய்விட்டது. அவள் பெங்களூருக்குக் கிளம்பினாள். அறக்கட்டளைக்காரர்கள் ஆதாரத்துக்கு ஒரு போட்டோ கேட்டார்கள் என்று அனுப்பினோம். அவர்கள் அச்சடித்த புத்தகத்தில், கண்ணாடி போட்ட பெரிய மனிதர்களுக்கு நடுவே, மொட்டைத் தலையோடும் வாய் நிறைய வாழைப்பழத்தோடும் நான் மாமா மடியில் இருக்கிறேன். கீழே ஆங்கிலத்தில் ஏதோ போட்டிருக்கிறது. யாரிடமும் படிக்கச் சொல்லவில்லை.

நாங்கள் ஒன்றை மறந்திருந்தோம். மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டும். அந்த ஆவணி பிறந்ததிலிருந்து என் வீட்டுக்குப் பத்திரிகைகள் வந்தன. எனக்கு இல்லை. 'இருதய ஆராய்ச்சி, காமயகவுண்டன்பட்டி' என்று பேர் எழுதி வந்தன. அவளிடம் போனில் சொன்னேன். "எங்கிட்ட இருக்கறது மீன்தான் சித்தப்பா," என்றாள். யோசித்துவிட்டு, "ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு காயிதம் போடுறேன். மைக்குல படிச்சிருங்க," என்றாள்.

"நானா?"

"அப்பாவுக்காக நீங்க படிப்பீக."

சோடா விஷயம் அவளுக்குத் தெரியுமா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

முதல் கடிதத்தை ஒரு கல்யாணத்தில் படித்தேன். காகிதத்தைப் பிரித்த சத்தம்தான் குழாயில் முதலில் கேட்டது. "மீன்கள் நலம். வெட்டிய இடம் மூடிவிட்டது. இப்போது ஒரு மருந்து கொடுத்து இன்னும் வேகமாக வளர்கிறதா என்று பார்க்கிறேன். மணமக்கள் நீடூழி வாழ்க. நெஞ்சு வலித்தால் சோடா குடிக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகவும்." பந்தியில் ஒருவர், "இம்புட்டுத்தானா மொய்யி?" என்றார். பக்கத்து இலைக்காரர், "சும்மா இருய்யா, மீனு நல்லாருக்காம்ல," என்றார்.

மூன்று வருடத்தில் எத்தனையோ கடிதம் படித்துவிட்டேன். பாதிப் பேர் மீனைப் பற்றிக் கேட்கத்தான் பந்தி முடிந்தும் உட்கார்ந்திருப்பார்கள். "அந்தப் பெருசுக்கு எப்பிடி இருக்கு? தண்ணி மாத்துனாகளா?" என்று என்னை வழியில் நிறுத்திக் கேட்பார்கள். பேச வராது என்று இனி நான் சொல்ல முடியாது.

கடைசிக் கடிதத்தைப் போன கார்த்திகையில் படித்தேன். அந்த மருந்தால் மீனின் இருதயம் வேகமாக வளரவில்லை, எப்போதும் போலத்தான் வளர்ந்தது என்று எழுதியிருந்தாள். இல்லை என்று தெரிவதும் ஒரு விடைதான் என்று அடுத்த வரி. நான் காகிதத்தை மடித்தேன்.

மீன்கார அக்காதான் முதலில் பேசினார். "அந்த மருந்து ஆகலன்னா வேற மருந்தப் பாக்கச் சொல்லு. நான் ஒரு கத்தி மழுங்குனா தொழில விட்டுட்டேனா?"

இன்னும் இரண்டு வருடம் பணம் தருகிறோம், ஊர் மறுபடி ஒரு பங்கு போடுமா என்று அறக்கட்டளை கேட்டிருக்கிறது. அந்தச் செய்தி வந்த அன்று டீக்கடையில் மெடிக்கல்காரர் எல்லாருடைய காதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார். வேலைக்கு இடைஞ்சல் என்று நான் கடுக்கனை முன்னமே கழற்றி வைத்துவிட்டேன். அவர் என் காதை வெளிச்சத்தில் திருப்பித் தடவினார்.

"ஏலே, ஓட்ட தூந்துருச்சுடா!" என்று கூவினார். "ரெண்டும்! ஒன் காதும் அந்த மீனு சாதிதான்!"

வருகிற புதன்கிழமை காதுகுத்து. அதே பிளெக்ஸ், மீன் மட்டும் பெரிதாக்கியிருக்கிறார்கள். மாமா கிடாய் வாங்கிவிட்டார், தினமும் காலையில் நடக்கவிட்டுப் பார்க்கிறாராம். நேற்று போனில், "இந்தத் தடவ முழுசா ஒக்காரணும் மாப்ள, சொல்லிட்டேன்," என்றார். டாக்டரிடம் கேட்டீர்களா என்றேன். போனை வைத்துவிட்டார். உட்காருவதா, தொங்குவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தப் பெண் லீவு போட்டு வருகிறாள். அவளிடம்தான் கேட்க வேண்டும்.

2010, ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை.